பிள்ளை போய்வரும் வழி

பிரிவது என்று முடிவாகி எங்கள் அறைக்கு வரும் கணவன், மனைவி இருவரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "புள்ள யாருக்கு?" தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பமும் அதையே கேட்கும். சிதம்பரத்தில் இருவரும் அரசு வேலையில் இருக்கிற குடும்பமும் அதையே கேட்கும். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தேடப் போனால் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் பிள்ளையின் பள்ளிப் பருவமே ஓடிவிடும். "புள்ள ரெண்டு வீட்டுக்கும் எப்படிப் போய் வரும்?" என்று கேள்வியைத் திருப்பி வைப்பதும், அதற்கான பதிலை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதும்தான் எங்கள் தொழில். கடலூரில் குடும்ப ஆலோசனை வேலையில் நெடுங்காலம் இருந்துவிட்டேன். இதற்கு வர நினைக்கும் இளையவர்களுக்காக, கைப்பழக்கத்தில் சேர்ந்ததைச் சொல்கிறேன். இங்கே வரும் குடும்பங்களின் ஊர், வயது, தொழில் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வெளியே பேசும்போது அப்படி மாற்றிச் சொல்வதும் தொழிலில் சேர்ந்ததுதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, தற்காலிகக் குடியிருப்புகளில் பிள்ளைகளோடு உட்கார ஆள் தேவைப்பட்டது. உள்ளூர்ப் பெண்கள் பலர் சின்னச் சின்னப் பயிற்சிகள் எடுத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போனார்கள். நானும் அப்படி வந்தவள்தான். தொழிலில் பாதியை அந்தப் பிள்ளைகளே சொல்லிக்கொடுத்தார்கள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கலர் பென்சிலைச் சீவிக் கொடுத்துக்கொண்டே இருந்தால், வெகுநேரம் கழித்துத் தாமாக ஆரம்பிப்பார்கள். வீடுகள் கட்டி முடிந்து, வெளியூர்த் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிய பிறகும் சில வீடுகளில் சண்டை ஓயவில்லை. நிவாரணப் பணம் என்ன ஆனது, புது வீடு யார் பேரில், படகில் யாருக்கு எத்தனை பங்கு, இதற்கெல்லாம் மேலே குடி. அந்தச் சண்டைகளின் நடுவே நின்றுகொண்டிருந்த பிள்ளைகள்தாம் என்னைக் குடும்ப ஆலோசனைக்கு இழுத்து வந்தார்கள்.

அங்கே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரை அக்கா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். மத்திய சமூக நல வாரியத்தின் உதவியில் 1980களில் நாடு முழுவதும் குடும்ப ஆலோசனை மையங்கள் வரத் தொடங்கின. அக்கா அப்படியொரு மையத்தில் பழகி வந்தவர். அவர் பேசுவதைவிட அறையை ஒழுங்கு செய்வதைப் பார்த்துத்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். நாற்காலிகளை எதிரெதிராகப் போடமாட்டார். இருவரும் அவரைப் பார்க்கும்படி, ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பும்படி, சாய்வாகப் போடுவார். கதவுக்குப் பக்கத்து நாற்காலி பயந்து வந்தவருக்கு. எந்த நேரமும் எழுந்து போகலாம் என்று தெரிந்தால்தான் அவரால் உட்கார முடியும். மேசைமேல் தண்ணீர்ச் சொம்பும் டம்ளரும் மட்டும் இருக்கும். கோப்பு, கல், கையில் எடுத்து வீசக்கூடிய எதுவும் இருக்காது. யாராவது அழத் தொடங்கினால் பேனாவை மூடிவிடுவார். "அழுவறத எழுதக் கூடாது. எழுதினா அது சாட்சியம் ஆயிடும்" என்பார்.

முதல் கூட்டு அமர்வில் மனுப் போட்டவர் முதலில் பேசுவார். அவர் பேசிய அளவு நேரம் மற்றவருக்கும் கொடுக்க வேண்டும். கடிகாரத்தை இருவரும் பார்க்கும் சுவரில் மாட்டுங்கள். உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவசரப்படுத்துகிறீர்கள் என்று நினைப்பார்கள். குறுக்கே பேசுகிறவரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் நகர்த்தி வையுங்கள். மறுத்துச் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளட்டும். எழுத வராதவருக்கு, "நீங்க சொல்லப்போறதுக்கு நான் பொறுப்பு, மறக்கமாட்டேன்" என்று ஒரு வார்த்தை போதும். பேசி முடித்ததும் சட்டென்று அறிவுரை சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள். கலங்கிய தண்ணீர் தெளியக் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பார் அக்கா. அந்த மௌனத்தில் வரும் அடுத்த வாக்கியத்தில்தான் பெரும்பாலும் உண்மையான பயம் இருக்கும்.

எங்கள் கைவேலையில் முக்கியமானது, குற்றச்சாட்டை வாங்கி அதற்குள் இருக்கும் தேவையை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது. "அவன் ஒரு குடிகாரன் மேடம், புள்ளைய அனுப்பமாட்டேன்" என்பார் அந்தப் பெண். அக்கா அதை இப்படித் திருப்பிக் கொடுப்பார்: "குடிச்சுட்டு வர்ற நாள்ல புள்ளைய அனுப்பப் பயமா இருக்கு. அதானே?" ஆமாம் என்று தலையாட்டுவார். அப்போது வேலை பாதி முடிந்தது. குடிகாரன் என்ற பட்டத்தை வைத்து ஒப்பந்தம் எழுத முடியாது. குடித்துவிட்டு வரும் நாளை வைத்து எழுதலாம்: பிள்ளையை அழைக்க வரும்போது குடித்திருக்கக் கூடாது; குடித்திருந்தால் அன்று அனுப்ப வேண்டியதில்லை; அந்த நாளுக்குப் பதில் நாள் கிடையாது; அழைத்துப் போகும் இடத்தில் பாட்டி கூட இருக்க வேண்டும். "அவ புள்ளைய எனக்கெதிரா ஏத்தி விடுறா" என்பார் கணவர். அதையும் அப்படித்தான்: "புள்ள என்னை மறந்துடுமோன்னு பயமா இருக்கு." இதைக் கேட்டதும் எதிர்ப்பக்க முகம் கொஞ்சம் தளர்வதைப் பார்க்கலாம். மொழியைச் சுத்தம் செய்வதில் ஒரு கவனம் வேண்டும். அடித்தார் என்பதை "மனவருத்தம்" என்று மாற்றிவிடக் கூடாது. நடந்ததைக் குறைக்காமல், வசையை மட்டும் கழிக்க வேண்டும்.

நடந்தது முழுதாகத் தெரிய வேண்டும் என்பதால்தான் கூட்டு அமர்வுக்கு முன்னால் தனி அமர்வு. இருவரையும் தனித்தனியே, வேறு வேறு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். அடி உண்டா, மிரட்டல் உண்டா, போனைப் பிடுங்கிப் பார்ப்பது உண்டா, பிள்ளை முன்னால் நடந்ததா என்று ஒவ்வொன்றாக, நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைத்தால் சொல்லமாட்டார்கள். பயம் இருக்கும் வீட்டில் சமரசம் பேசினால், பலம் உள்ளவர் கேட்டதெல்லாம் கையெழுத்தாகிவிடும். அங்கே முதல் வேலை பாதுகாப்பு: 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர், பெண்கள் உதவிக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. பிள்ளைமீது பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது என்று வாக்குக் கொடுக்கும்போதே இந்த விலக்கையும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் துரோகம் ஆகிவிடும்.

உறவினரைப் பற்றி. எங்கள் பக்கத்தில் பிரிவு இரண்டு பேருடையதாக இருப்பதில்லை. பெண்ணோடு அண்ணன் வருவார், அத்தை வருவார். பையனோடு அப்பா வருவார், சித்தப்பா வருவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே இவர்களை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அவர்கள் வெளித் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே பேசி முடிவானதை எல்லாம் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிடுவார்கள். அக்காவின் வழக்கம் வேறு. பெரியவர்களை முதலில் கூப்பிடுவார். முழுக்கப் பேசவிடுவார். சீர் செய்த கணக்கு, பவுன் கணக்கு, கல்யாணப் பந்தியில் நடந்த அவமானம் எல்லாம் வரும். கடைசியில், "நீங்க சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேன். இப்ப புள்ளைக்காக நீங்க ஒரு வேலை செய்யணும்" என்று ஒன்றைக் கொடுப்பார். தாத்தாவுக்கு, சனிக்கிழமை பேருந்து நிலையம்வரை பிள்ளையைக் கூட்டி வரும் வேலை. மாமாவுக்கு, பள்ளிக்கூடக் கூட்டத் தேதியை இரண்டு பக்கத்துக்கும் சொல்லும் வேலை. வேலை கிடைத்தவர் சண்டையில் இருந்து மெல்ல இறங்கிவிடுகிறார்.

ஊர்ப் பஞ்சாயத்தும் அப்படித்தான். மீனவக் கிராமங்களில் குடும்பச் சண்டை முதலில் பஞ்சாயத்துக்குத்தான் போகும். பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்துக்குப் போகும். அதற்குப் பிறகு மகளிர் காவல் நிலையம், புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது, வக்கீல், கடைசியில் நாம். அங்கே என்ன பேசினார்கள் என்று மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். பெரியவர்களின் வாக்குக்கு நம் தாளைவிட ஊரில் மதிப்பு அதிகம். நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததை மீறத் துணிகிறவர்கூட, தினம் மீன் ஏலத்தில் பார்க்கும் பெரியவரிடம் சொன்ன சொல்லை மீறத் தயங்குவார். ஆனால், பிள்ளையிடம் யார் பேசினார்கள் என்றும் கேளுங்கள். அனேகமாக யாரும் பேசியிருக்கமாட்டார்கள். அந்தக் காலி இடம்தான் நாம் உட்கார வேண்டிய இடம்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயற்சி செய்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் அதுதான் முதல். பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளைச் சமரச நாளாக நீதிமன்றங்களில் கொண்டாடுகிறார்கள். இந்துக் குடும்பங்களில் ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இளவர், பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம், விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கவனிக்கலாம் என்கிறது. 2020இல் யசிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்புக்கும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அழுத்திச் சொன்னது. இத்தனை தெரிந்தால் போதும். மற்றதற்கு வக்கீல் இருக்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு.

இனி பிள்ளையோடு உட்காருவது. "அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா?" என்ற கேள்வி உங்கள் வாயில் வரவே கூடாது. அந்த ஒரு கேள்வியில் பிள்ளையை நீதிபதி ஆக்கிவிடுகிறோம். எந்தப் பதில் சொன்னாலும் ஒருவரைக் கைவிட்ட குற்றம் அதன் தலையில் ஏறும். நான் ஒரு நாளைக் கேட்பேன். காலையில் யார் எழுப்புவார்கள், தலை யார் பின்னிவிடுவார்கள், டிபன் பாக்ஸில் என்ன இருக்கும், மார்க் ஷீட்டில் யார் கையெழுத்து, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பார்கள். பிறகு, "போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சா?" என்று ஒன்றே ஒன்று. அதில் எல்லாம் வந்துவிடும். எதைச் சொல்கிறது என்பதோடு எதைத் தாண்டிப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று, "எங்கப்பா எங்களை மனதளவிலும் உடலளவிலும் கொடுமைப்படுத்தினார்" என்று தொடங்கியது. மனுவில் உள்ள வாக்கியம் அப்படியே. உடன் பயிற்சிக்கு வந்திருந்த பெண், சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அக்கா அவசரப்படவில்லை. மனப்பாடமான வாக்கியத்துக்குப் பின்னால் உண்மையும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொஞ்ச நேரம் பல்லாங்குழி ஆடினார்கள். பிறகு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொன்னது: "அப்பா கத்துனா தம்பி கட்டிலுக்கு அடியில போயிடுவான். நானும் போவேன். அங்க பல்லி இருக்கும்." மனுவில் பல்லி இல்லை. பிள்ளை தானே பார்த்த விவரம் இப்படித்தான் வரும். இதற்கு நேர்மாறாக, விவரமே இல்லாமல் பெரியவர்களின் சொற்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளை யாருக்கோ பயந்து பேசுகிறது என்று வைத்துக்கொண்டு மெல்லப் போக வேண்டும். இரண்டு நிலையிலும் பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. அது சொன்னதில் பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அதையே கேட்டுக்கொள்ளுங்கள். "பல்லி விஷயத்தைச் சொல்லலாம், நான் அழுததைச் சொல்லாதீங்க" என்றது அந்தப் பிள்ளை. அப்படியே செய்தோம்.

சின்னப் பிள்ளைகள் பிரிவை உடம்பால் சொல்லும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றிருந்தாலும் திரும்ப வரும், வெள்ளிக்கிழமை ஆனால் வயிறு வலிக்கும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், தான் குறும்பு செய்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று நினைக்கும். பதின்வயதில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்கத்தை அறவே வெறுக்கும். இல்லாவிட்டால் வீட்டில் பெரியவராகப் பொறுப்பேற்றுக்கொண்டு தன் படிப்பை விடும். அதனால் பிரிவைப் பிள்ளையிடம் சொல்லும் நாளுக்குப் பெற்றோரைத் தயார் செய்வது நம் வேலை. முடிந்தவரை இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். இங்கேயே ஒத்திகை பார்க்க வைப்பேன். நீளமாகப் பேசத் தேவையில்லை: "அம்மாவும் அப்பாவும் இனிமே தனித்தனி வீட்ல இருப்போம். நீ செஞ்ச எதாலயும் இல்ல. ரெண்டு பேரும் உனக்கு எப்பவும் இருப்போம். நாளைக்கு நீ வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போவ." காரணம் சொல்லத் தொடங்கினால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவார், பிள்ளை சாட்சி ஆகிவிடும்.

அடுத்து நாள், நேரம் குறிப்பது. பலர் இதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் தொழிலின் உயிர். "மாதம் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணி முதல்" என்று எழுதிவிடலாம். விசைப்படகில் கடலுக்குப் போகும் தகப்பனுக்கு அது உதவாது. அவர் எந்தச் சனிக்கிழமை கரையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. "வரமாட்டேங்கிறாரு, புள்ள வாசல்ல உக்காந்து ஏமாந்து போவுது" என்று தாய் சொல்வதும் நிஜம். "நடுக்கடல்ல இருந்து எப்படிம்மா வர்றது?" என்று அவர் கேட்பதும் நிஜம். தேதி எழுத முடியாத இடத்தில் முறையை எழுத வேண்டும். கரைக்கு வந்த அன்று மாலை 6 மணிக்குள் பாட்டிக்குப் போன் செய்ய வேண்டும். மறுநாள் பள்ளி விட்ட பிறகு அழைத்துப் போகலாம். இரவு 8 மணிக்குள் கொண்டுவந்து விட வேண்டும். போன் வராத நாளில் பிள்ளையிடம் "அப்பா வருவாரு" என்று யாரும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் ஏமாற்றத்தை நிறுத்தும்.

எங்கள் கரைக்கு இன்னொரு நாட்காட்டி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தகப்பன் வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வரும். பிள்ளையும் தகப்பனும் ஒரே சமயத்தில் ஓய்வாக இருக்கும் அந்த வாரங்களை வீணாக்கக் கூடாது. விடுமுறையில் பாதியை அவருக்கு எழுதுவோம். ஆனால் அதே மாதங்களில்தான் கையில் காசு இருக்காது. ஜீவனாம்சத்தை மாதாமாதம் ஒரே தொகையாக எழுதினால் தடைக்காலத்தில் பாக்கி விழும். பாக்கி விழுந்தால் மனு. மனு விழுந்தால் பிள்ளையை அனுப்புவது நிற்கும். தொழில் நடக்கும் மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகத் தாயின் வங்கிக் கணக்கில் போட்டு வைக்கும்படி பேசி முடிப்போம். இதோடு ஒரு விதியை இருவரையும் உரக்கப் படிக்கச் சொல்வேன்: பணம் வராததற்காகப் பிள்ளையை நிறுத்தக் கூடாது, பிள்ளையைக் காட்டாததற்காகப் பணத்தை நிறுத்தக் கூடாது. இரண்டுக்கும் நீதிமன்றத்தில் தனித்தனியே மனுப் போடலாம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் குடும்பங்களில் தகப்பன் வெளிநாட்டில் இருப்பார். அங்கே போன்தான் வழி. நேரக் கணக்கைப் போடத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் இரவு 10 மணி என்றால் இங்கே 7.30, பிள்ளை வீட்டுப்பாடத்தில் இருக்கும். துபாயில் இரவு 9 மணி என்றால் இங்கே 10.30, பிள்ளை தூங்கியிருக்கும். எடுக்கவில்லை என்று அவர் சண்டைக்கு வருவார். அவர் வேலை முடியும் நேரத்தை விசாரித்து, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தைக் குறியுங்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் உறுதியாக இருந்தால் போதும். தகப்பனுக்கும் பயிற்சி தேவை. "அம்மா எங்க? யார்கிட்ட பேசுறா?" என்று கேட்டால் பிள்ளை வேவுக்காரன் ஆகிவிடும். அடுத்த முறை போனையே தொடாது. "இன்னிக்கு என்ன வரைஞ்ச, காமி" என்று தொடங்கச் சொல்லுங்கள். தாய் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்காமல், சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகப் பழக்குங்கள்.

பிள்ளையைக் கைமாற்றும் இடம் அடுத்தது. காவல் நிலைய வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். பாதுகாப்புக்குத் தேவை இருந்தால் ஒழிய நான் அதை எழுதமாட்டேன். ஒவ்வொரு முறையும் போலீசைப் பார்க்கும் பிள்ளை, தன் வீட்டில் யாரோ குற்றம் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வளரும். பள்ளிக்கூடம் நல்ல இடம்: ஒருவர் காலையில் விடுவார், மற்றவர் மாலையில் அழைப்பார், இருவரும் சந்திக்கவே வேண்டாம். நூலகம், கோயில், சில்வர் பீச் பூங்கா, இருவருக்கும் பொதுவான ஒரு டீச்சர் வீடு, எதுவும் ஆகும். கைமாற்றும்போது பணம், வழக்கு, நகை பேசக் கூடாது. பையில் மாத்திரையும் மறுநாள் சீருடையும் இருக்க வேண்டும். அப்பா வாங்கிக் கொடுத்த சட்டையை அம்மா வீட்டுக்கும், அம்மா கொடுத்த பொம்மையை அப்பா வீட்டுக்கும் பிள்ளை தாராளமாகக் கொண்டுபோகலாம் என்றும் எழுதுவேன். சின்ன விஷயம்தான், ஆனால் அதற்காகவே பிள்ளைகள் பொருளை ஒளித்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாளில் எழுதும் மொழியைக் கவனியுங்கள். "அவ்வப்போது", "வசதிப்படும்போது", "நியாயமான அளவில்" என்ற வார்த்தைகள் நல்லெண்ணம் இருக்கும் இடத்தில் தேவையில்லை, இல்லாத இடத்தில் உதவாது. தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. பொங்கல் அதற்கு நேர்மாறு. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் அன்று, கரையில் வீடு உள்ளவரோடு பிள்ளை இருக்கட்டும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்துப் பாட்டி வீடு. காய்ச்சல் வந்தால் யார் மருத்துவமனைக்குப் போவது, மற்றவருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வது என்பதும் வேண்டும்.

காதுகுத்தை வைத்து ஒரு குடும்பம் பெரிய முட்டுக்கட்டையில் வந்து நின்றது. தாய்மாமன் தான் செய்வதாகச் சொல்லி, தகப்பனை அழைக்க முடியாது என்றார். தகப்பன், எங்கள் குலதெய்வக் கோயிலில்தான் முடி இறக்கிக் காது குத்த வேண்டும் என்றார். அக்கா இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி அப்பா பக்கத்துச் சாமி. மடி மாமன் மடி. இந்தச் சடங்கே ரெண்டு பக்கமும் வேணும்னுதானே கேக்குது?" அவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தில் இருந்ததையே எடுத்துக் கையில் கொடுத்தார். பிள்ளை மாமன் மடியில், தகப்பன் குலதெய்வத்தின் முன்னால் காது குத்திக்கொண்டது. கணவனும் மனைவியும் சேரவில்லை. வழக்கு முறைப்படி முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்க உறவும் இருக்கிறது.

சேர்ந்துவிட்டார்களா என்றுதான் வெளியே எல்லோரும் கேட்பார்கள். சேர வாய்ப்பிருந்தால் அதற்கும் பாடுபடுவோம். ஆனால் சேர்த்து வைத்த கணக்கை வைத்து இந்தத் தொழிலை அளக்க முடியாது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி உண்டு. தகுந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படித் தளர்த்துவதற்கும் பிள்ளையின் பொறுப்பு உட்பட எல்லாம் இருவரிடையே உண்மையாகப் பேசி முடிந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நான் ஒத்திகைக் காலமாகப் பயன்படுத்திக்கொள்வேன். எழுதியதை நடத்திப் பார்க்கட்டும். பேருந்து தாமதமானால் என்ன ஆகிறது, ஞாயிறு இரவு பிள்ளை தூங்குகிறதா, திங்கள் பள்ளிக்குப் போகிறதா என்று பார்த்து, தாளைத் திருத்துவோம். முதல் தாள் ஒருபோதும் கடைசித் தாள் ஆகாது. பிள்ளை வளரும், ஆறு வயதுக்கு எழுதியது பன்னிரண்டு வயதுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கல்வி ஆண்டின் தொடக்கத்திலும் இருவரும் உட்கார்ந்து மாற்றிக்கொள்வது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாமும் பருவத்துக்கு ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களோடு வேலை பழக வருகிறவர்களிடம் முதல் வாரம் சட்டப் புத்தகம் கொடுப்பதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எந்த நேரத்துக்குக் கடைசிப் பேருந்து, அதில் பிள்ளை தனியாக வர எத்தனை வயது ஆக வேண்டும், துறைமுகத்தில் படகுகள் எப்போது கரை சேரும், சிப்காட்டில் ஷிப்ட் எப்போது மாறும், பள்ளிக்கூடங்களின் தேர்வு அட்டவணை என்ன என்று அறிந்து வரச் சொல்வோம். இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் ஒரு தாயிடமும் தகப்பனிடமும் நடக்கக்கூடிய ஒன்றைக் கேட்க முடியும். பிறகு 40 மணி நேரச் சமரசப் பயிற்சி, பிறகு பெரியவர் ஒருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காலம். சம்பளம் குறைவு, காத்திருப்பு அதிகம், நன்றி சொல்லி யாரும் திரும்பி வரமாட்டார்கள். ஏதோ ஒரு பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் பிரிந்த பெற்றோர் இருவரின் போன் எண்ணும் எழுதப்பட்டிருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் இரண்டு பேருக்கும் செய்தி போனால், நம் வேலை சரியாக நடந்திருக்கிறது. அது போதும் என்று தோன்றுகிறவர்கள் வாருங்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஆட்கள் போதவில்லை.